குளிர்காலத்தில் கரண்ட் இல்லாமல் ஒரு வாரம்: நோர்வே வீட்டுக்கான முழுமையான வழிகாட்டி

2024 இலையுதிர்காலத்தில் நோர்வேயின் எல்லா வீடுகளுக்கும் தபாலில் ஒரு சிறு கையேடு வந்தது. பொதுமக்கள் பாதுகாப்புக்கும் அவசரகால ஆயத்தத்துக்கும் பொறுப்பான டி.எஸ்.பி என்ற அரச இயக்ககம் அனுப்பியது அது. அதுவரை மூன்று நாள் சமாளிக்க ஆயத்தமாக இருங்கள் என்று சொல்லிவந்தவர்கள், அந்த ஆண்டு ஒரு வாரம் என்று மாற்றினார்கள். பெரிய அனர்த்தம் ஒன்று நடந்தால் உதவிக்கு வருகிறவர்கள் முதலில் முதியவர்களிடமும் நோயாளிகளிடமும் போகவேண்டும். மற்ற வீடுகள் ஒரு வாரம் தாங்கிக்கொண்டால்தான் அது நடக்கும்.

கையேட்டில் நல்ல பட்டியல் இருக்கிறது. ஆனால் பட்டியலைப் பார்த்து வாங்கிக் கீழறையில் அடுக்கினால் வேலை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். வாங்குவதற்கு முன் தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: வெளியே மைனஸ் 15, கரண்ட் இல்லை, உங்கள் குடும்பம் இன்று இரவு எந்த அறையில் தூங்கும்? இதற்குப் பதில் இருந்தால் மற்றவை எல்லாம் ஒழுங்காக வந்து சேரும்.

நோர்வேயில் வாழும் ஈழத்தமிழர் எங்களில் பலருக்குக் கரண்ட் இல்லாத வாழ்க்கை புதிதல்ல. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் படித்து முடித்தவர்கள். சேமிப்பது, பங்கிடுவது, பதறாமல் இருப்பது என்று அந்த அனுபவம் தந்தது நிறைய. ஆனால் அங்கே இரவில் கதவு திறந்து கிடந்தாலும் யாரும் விறைத்துச் சாகமாட்டார்கள். இங்கே 2024 ஜனவரியில் நாட்டின் வடகோடியிலுள்ள கவுத்தொகெய்னோவில் மைனஸ் 43.5 டிகிரி பதிவானது. நாட்டின் மிகக் குறைந்த வெப்பநிலை 1886இல் காரஷொக்கில் பதிவான மைனஸ் 51.4. ஒஸ்லோவில் அவ்வளவு போகாது என்பது உண்மைதான், ஆனால் மைனஸ் 10இல் ஒரு குழந்தையோடு குளிர்ந்த வீட்டில் இருப்பதும் ஆபத்துத்தான்.

படி 1: கரண்டோடு சேர்ந்து நிற்பவை எவை?

ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். நோர்வேயின் மின்சாரத்தில் ஏறக்குறைய 90 வீதம் நீர்மின்சாரம். மலிவாகக் கிடைத்ததால் இந்த நாடு வீட்டுச் சூட்டையும் அதன் மேலேயே கட்டிவிட்டது. சுவர் ஹீட்டர், குளியலறைத் தரைச் சூடு, வெப்பப்பம்பி எல்லாமே கரண்டில்தான் ஓடுகின்றன. குழாய் வழியாகச் சுடுநீர் வரும் மாவட்டச் சூடு உள்ள அடுக்குமாடியில் இருப்பவர்கள் தங்களுக்குப் பிரச்சினை இல்லை என்று எண்ணவேண்டாம். அந்தச் சுடுநீரைக் கட்டடத்துக்குள் சுற்றவிடும் பம்பிக்கும் கரண்ட் வேண்டும்.

சமையல் அடுப்பும் அப்படியே. உயர்ந்த கட்டடங்களில் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பி நின்றால் குழாயும் வறண்டுவிடும். வீட்டு இணையம் அந்த நொடியிலேயே போகும். கைபேசிக் கோபுரங்களுக்கு மாற்றுப் பற்றரி உண்டு. நகரங்களில் குறைந்தது 2 மணிநேரம், வெளியே 4 மணிநேரம் தாங்கவேண்டும் என்பது விதி. 2011 நத்தார் நாளில் அடித்த டக்மார் புயலில் மேற்குக் கரையோரத்தில் கரண்டும் தொலைபேசியும் சேர்ந்து போனதுதான் அந்த விதிக்கு வழிவகுத்தது. ஆகவே கரண்ட் போன முதல் மணிநேரத்திலேயே முக்கியமான அழைப்புகளை எடுத்துவிடுங்கள்.

வீட்டில் யாராவது ஒட்சிசன் இயந்திரம், மூச்சுக்கருவி, மின்கட்டில், அவசர அழைப்புப் பொத்தான் போன்றவற்றை நம்பி இருந்தால், அவர்கள் பெயரைத் தாளின் மேலே எழுதுங்கள். அவர்களுக்காக நகரசபையின் வீட்டுத்தாதிச் சேவையோடு இப்போதே பேசி, கரண்ட் போனால் எங்கே கொண்டுபோவது என்று கேட்டு வைக்கவேண்டும்.

படி 2: ஒரு அறை, ஒரு குடும்பம்

வீடு முழுவதையும் சூடாக வைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு அறைதான். விறகடுப்பு இருந்தால் அது இருக்கும் அறை. இல்லையென்றால் மிகச் சிறிய அறை, வெளிச்சுவர் குறைந்த அறை, முடிந்தால் தெற்குப் பக்கம் யன்னல் உள்ள அறை. பகலில் வெயில் வந்தால் திரையைத் திறந்து வாங்கிக்கொள்ளலாம், இருட்டத் தொடங்கும்போது மூடிவிடலாம்.

கரண்ட் போய், சீக்கிரம் வராது என்று தெரிந்த உடனே செய்யவேண்டியது, அறை இன்னும் சூடாக இருக்கும்போதே அடைப்பது. மற்ற அறைக் கதவுகளை மூடுங்கள். கதவடியில் துவாயைச் சுருட்டி வையுங்கள். யன்னலுக்குக் கனமான போர்வை தொங்கவிடுங்கள். மெத்தைகளை இந்த அறைக்குக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். மெத்தை இல்லாவிட்டால் கம்பளம், யோகாப் பாய், காட்போட், எது கிடைத்தாலும் தரைக்கும் உடம்புக்கும் இடையில் வரவேண்டும். மேலே நாலு போர்வை போட்டாலும் கீழே தரை வெறுமையாக இருந்தால் குளிர் கீழிருந்தே ஏறும். கூடாரம் இருந்தால் அறைக்குள்ளேயே அடித்து அதற்குள் படுக்கலாம். பிள்ளைகள் அதை விரும்புவார்கள், உள்ளே சூடும் நிற்கும். ஆனால் கூடாரத்துக்குள் எந்த நெருப்பும் கூடாது.

உடுப்பில் நோர்வேக்காரர் சொல்வதைக் கேளுங்கள்: உடம்போடு ஒட்டுவது கம்பளி. பருத்தி வேர்வையை வாங்கி ஈரமாகவே நிற்கும், கம்பளி ஈரமானாலும் சூட்டைப் பிடித்துவைக்கும். ஊரிலிருந்து வந்து தங்கும் அம்மா அப்பாவுக்குக் கம்பளி உள்ளாடை ஒரு சோடி வாங்கிவைக்காத வீடுகள் பல இருக்கின்றன. சேலைக்குள்ளும் சாரத்துக்குள்ளும் போடக்கூடியதுதான், ஒக்டோபரிலேயே வாங்கிவிடுங்கள். தூங்கும்போதும் தொப்பி, காலுறை. படுக்கைப்பை ஆளுக்கொன்று இருந்தால் நல்லது. வாங்கும்போது பையில் எழுதியிருக்கும் வெப்பநிலையைப் பாருங்கள், கோடைகாலப் பை ஜனவரியில் உதவாது.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதுதான் உடல் குளிர்விறைப்பு. முதலில் நடுக்கம் வரும். பிறகு பேச்சுக் குழறும், கை தடுமாறும், ஆள் சோர்ந்து எதிலும் அக்கறை இல்லாமல் இருப்பார். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடாகாமலேயே நடுக்கத்தை நிறுத்தினால் அது நல்ல அறிகுறி அல்ல, உடனே 113. வயதானவர்களுக்கு நடுக்கமே சரியாக வராமல் போகலாம், அதனால் அவர்களை அடிக்கடி பேச்சுக்கொடுத்துப் பாருங்கள். சூடாக்க என்று மதுபானம் கொடுக்கவே கூடாது. தோலுக்குச் சூடு வருவதுபோல் தோன்றும், உடம்பின் உள்ளே இருக்கும் சூடு வெளியே போய்விடும்.

மின்கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு அறை உண்டு. காரின் ஹீட்டர் மணிக்கு 1 முதல் 2 கிலோவாட் மணி அளவில்தான் எடுக்கும். பற்றரியில் 40 கிலோவாட் மணி மிச்சம் இருந்தால் ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் சூடான இடம் கிடைக்கும். புகை இல்லை என்பதால் கராஜுக்குள் நின்றாலும் பரவாயில்லை. குளிர்காலத்தில் பாதிக்குக் கீழே சார்ஜ் இறங்க விடாமல் இருப்பது நல்ல பழக்கம். பெற்றோல், டீசல் கார் என்றால் கதை வேறு: கராஜுக்குள் இயக்கவே கூடாது, வெளியில் நின்றாலும் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இயக்கவேண்டும்.

படி 3: நெருப்பு

விறகடுப்பு உள்ள வீடு அதிர்ஷ்டமான வீடு. ஒஸ்லோவின் பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் அது மூலையில் பூச்சாடி வைக்கும் மேசையாக நிற்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படி என்றால், பாவிப்பதற்கு முன் தீயணைப்புத் துறையின் புகைபோக்கி துப்புரவாளரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் மூடிக்கிடந்த புகைபோக்கியில் கரண்ட் போன இரவில் முதன்முதலாக நெருப்பு வைக்கக் கூடாது.

விறகு 40 லீற்றர், 60 லீற்றர் சாக்குகளில் கடையில் கிடைக்கும். காய்ந்த பேர்ச் மரம் நல்ல சூடு தரும். ஒரு அறைக்கு, குளிர்ந்த நாளொன்றுக்கு ஒரு 40 லீற்றர் சாக்கு என்று நான் கணக்கு வைக்கிறேன். அப்படியானால் வாரத்துக்கு ஏழு எட்டுச் சாக்கு. செப்டெம்பரில் வாங்குங்கள், குளிர் இறங்கிய பிறகு விலை ஏறும், சில நேரம் கடையில் இருக்கவும் இருக்காது. பற்றவைக்கும் முறையும் ஊரில் பழகியதற்கு நேர்மாறு. பெரிய கட்டைகளைக் கீழே வைத்து, சிறு குச்சிகளை மேலே அடுக்கி, மேலிருந்து பற்றவையுங்கள். காற்றுவழியை முழுவதும் திறந்துவிடுங்கள். புகை குறையும், சூடு கூடும். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே, மரச்சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். அணைந்ததுபோல் தெரியும் சாம்பலுக்குள் நாட்கணக்கில் தணல் கிடக்கும்.

விறகடுப்பு இல்லாதவர்கள், வீட்டுக்குள் பாவிக்க அனுமதிக்கப்பட்டது என்று எழுதியிருக்கும் காஸ் அல்லது மண்ணெண்ணெய் ஹீட்டர் ஒன்றைப் பற்றி யோசிக்கலாம். குடியிருப்புச் சங்கத்தில் அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். புறொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே தேங்கும். அதனால் சிலிண்டரை நிலக்கீழ் அறையிலோ மேற்கூரை அறையிலோ வைக்கக் கூடாது.

சமைக்க ஒரு சிறிய காஸ் அடுப்பு பல தமிழ் வீடுகளில் ஏற்கனவே இருக்கும், கோடையில் பூங்காவில் கொத்துரொட்டி போட வாங்கியது. அதற்குப் போடும் நீளமான டப்பாவில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அது சுழியப் பாகைக்குக் கிட்ட வந்தாலே ஆவியாக மாட்டாது, அதாவது பால்கனியில் மைனஸ் 10இல் அடுப்பு எரியவே எரியாது. புறொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். குளிர்காலக் கலவை என்று எழுதிய டப்பாவையோ, புறொப்பேன் சிலிண்டரில் ஓடும் அடுப்பையோ வாங்குங்கள். மலையேறுவோர் பாவிக்கும் சிவப்பு ஸ்பிரிட் அடுப்பும் நல்லது, எளிமையானது. முடிந்தவரை வெளியே, பால்கனியில் சமையுங்கள். உள்ளே கொதிக்க வைக்கத்தான் வேண்டும் என்றால் யன்னலைத் திறந்து, பக்கத்திலேயே நின்று, முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால் இதை வையுங்கள்: கரி அடுப்பையும் ஒருதரம் பாவிக்கும் கிரில்லையும் ஜெனரேற்றரையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கராஜுக்குள்ளும் வேண்டாம், கண்ணாடி அடைத்த பால்கனியிலும் வேண்டாம். தணல் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, குமட்டல், தூக்கக் கலக்கம் வரும், களைப்பு என்று நினைத்துப் படுப்பவர் எழும்பமாட்டார். வீட்டுக்குள் எதை எரிப்பதானாலும் பற்றரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவி அந்த வேலையைச் செய்யாது.

பூச்சட்டியைக் கவிழ்த்து, கீழே நாலு தேநீர் மெழுகுதிரி வைத்து ஹீட்டர் செய்வதாகக் காணொளிகள் சுற்றுகின்றன. தயவுசெய்து செய்யவேண்டாம். மெழுகுதிரியின் சூடு பூச்சட்டியால் கூடப்போவதில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்த திரிகள் மெழுகையே தீப்பிடிக்கவைக்கும், அதில் தண்ணீர் ஊற்றினால் தீ மேலே பாயும். வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டும் டோர்ச் ஆளுக்கொன்று வாங்குங்கள். சாமியறை விளக்கையும், தொங்கும் போர்வைகளிலிருந்து தள்ளி வைத்து, எல்லோரும் விழித்திருக்கும்போது மட்டும் ஏற்றுங்கள்.

படி 4: தண்ணீர்

ஆளுக்கு 20 லீற்றர் என்பது டி.எஸ்.பியின் கணக்கு, நாளொன்றுக்கு மூன்று லீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. நாலு பேருக்கு 80 லீற்றர். இது குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான். 10 லீற்றர்க் கேன்களாக வாங்குங்கள், 20 லீற்றர்க் கேனை அம்மம்மாவால் தூக்க முடியாது. கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்பி, இறுக்கி மூடி, இருட்டான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருதரம் நான் மாற்றுகிறேன். உறையக்கூடிய இடத்தில் வைப்பதானால் மேலே பத்தில் ஒரு பங்காவது வெறுமையாக விடுங்கள். உறையும்போது தண்ணீர் ஒன்பது வீதம் பெருத்துக் கேனை வெடிக்கவைக்கும்.

நோர்வேயில் குழாய்த் தண்ணீர் கெட்டுப்போகாது என்ற நம்பிக்கை எங்களிடம் ஆழமாக இருக்கிறது. ஆனால் 2004இல் பேர்கனில் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி குடிநீரில் கலந்து ஆயிரக்கணக்கானோர் வயிற்றுநோயில் விழுந்தார்கள். 2019 ஜூனில் பேர்கனுக்குப் பக்கத்திலுள்ள அஸ்கோயில் நீர்த்தேக்கம் ஒன்றில் விலங்குக் கழிவு கலந்து ஏறக்குறைய 2000 பேர் நோயுற்றார்கள். நகரசபை தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொன்னால், பாத்திரத்தில் குமிழ் விட்டுத் துள்ளிக் கொதிக்கும்வரை வையுங்கள். பல்துலக்கவும் அந்தத் தண்ணீர்தான்.

வீட்டில் இன்னொரு தண்ணீர்ச் சேமிப்பு இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை: சுடுநீர்த் தாங்கி. வழக்கமாக 200 லீற்றர் அளவு. கழுவவும் கழிவறைக்கு ஊற்றவும் அது போதும். பியூஸ் பெட்டியில் தாங்கிக்கான சுவிட்சை நிறுத்திவிட்டுத்தான் அடியிலுள்ள குழாயால் வடிக்கவேண்டும். தாங்கி வெறுமையாக இருக்கும்போது கரண்ட் வந்தால் உள்ளே உள்ள கம்பி கருகும். ஒரு நாளைக்கு மேலும் சூடாக இருக்கும் தண்ணீர் அது, கை கவனம்.

கழிவறைக்கு ஒரு வாளி, தடித்த குப்பைப் பைகள், பூனைக்குப் போடும் மணல் ஒரு பை. இவ்வளவும் இருந்தால் தண்ணீர் நின்ற வீட்டில் மானத்தோடு இருக்கலாம்.

படி 5: சாப்பாடு

தமிழ் வீட்டில் எப்போதும் அரிசி மூட்டை இருக்கும், அதனால் சாப்பாட்டுக்குப் பயமில்லை என்று ஒரு தைரியம். நெருப்பும் தண்ணீரும் இல்லாவிட்டால் அரிசி சாப்பாடு இல்லை. ஆகவே மூன்று அடுக்காக யோசியுங்கள்.

முதல் அடுக்கு, எதுவுமே சூடாக்காமல் சாப்பிடக்கூடியது. இதில் எங்கள் சமையலறைக்கு நிகர் இல்லை. அவல் குளிர்ந்த தண்ணீரிலேயே ஊறும், சீனியோ வெல்லமோ தேங்காய்ப்பூவோ போட்டால் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். பொரிமா, சத்துமா, பேரீச்சம்பழம், வறுத்த கடலை, எள்ளுருண்டை எல்லாம் சத்துள்ளவை, கடலையிலும் எள்ளிலும் கொழுப்பும் உண்டு. குளிரில் உடம்பு அதிகம் எரிக்கும், கொழுப்பு வேண்டும். நோர்வேக் கடையிலிருந்து மொறுமொறு ரொட்டி, தக்காளிக் குழம்பிலிட்ட மெக்கரல் டின், நிலக்கடலை வெண்ணெய், டின்னில் வரும் கடலை, நீண்டநாள் பால். பால்மா ஒரு பெரிய பை. டின் திறப்பான் கையால் திருகுவதாக இருக்கட்டும்.

இரண்டாவது அடுக்கு, சுடுதண்ணீர் மட்டும் போதுமானவை: ஓட்ஸ், நூடில்ஸ், ரவை, சூப்பு, தேநீர். நல்ல தேர்மஸ் போத்தல் இரண்டு இருந்தால் காலையில் ஒருதரம் அடுப்புப் பற்றவைத்து நாள் முழுவதும் ஓட்டலாம்.

மூன்றாவது அடுக்குத்தான் சோறு. எரிபொருளை மிச்சம்பிடிக்க நோர்வேக் கிராமங்களில் பழைய காலத்தில் வைக்கோல் பெட்டி வைத்திருந்தார்கள். கொதித்த பானையை வைக்கோலுக்குள் புதைத்து, மிச்சச் சமையலைப் பானையின் சூட்டிலேயே முடிப்பது அது. எங்களுக்குப் போர்வை போதும். அரை மணிநேரம் ஊறிய பச்சையரிசியை அளவான தண்ணீரில் ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியை இறுக்கி, துவாயால் சுற்றி, கனமான போர்வைக்குள் புதைத்து நாற்பது நிமிடம் விடுங்கள். திறந்தால் சோறு. மைசூர்ப் பருப்பும் இப்படி வேகும். முழுக்கடலை, முழுப்பயறு, கிட்னி பீன்ஸ் வேகாது, அவற்றை டின்னில் வாங்குங்கள். நீண்ட நேரம் வேகும் குத்தரிசியையும் ஒதுக்கிவைத்துப் பச்சையரிசி கொஞ்சம் வாங்குங்கள்.

குளிர்சாதனப்பெட்டியைத் திறக்காமல் வைத்தால் சில மணிநேரம், நிறைந்த ஆழ்குளிர்ப்பெட்டி இரண்டு நாள்வரை தாங்கும். பிறகு வெளியே மைனஸ் என்றால் பெட்டியில் போட்டுப் பால்கனியில் வைத்துவிடலாம்.

இவை எதையும் அவசரப்பெட்டி என்று ஒதுக்கிப் பூட்டவேண்டாம். வழக்கமாகச் சாப்பிடுவதையே கொஞ்சம் கூட வாங்கி, பழையதை முன்னால் வைத்துச் சாப்பிட்டு, தீரத் தீரப் பின்னால் நிரப்புங்கள்.

படி 6: மருந்து

நிரந்தரமாக மருந்து எடுப்பவர்கள் கடைசி மாத்திரைவரை காத்திருக்காமல், எப்போதும் ஒரு வாரமாவது கூட இருக்கும்படி முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும். குளிர்ந்த வீட்டில் அதைச் சட்டைக்குள், உடம்போடு வைத்திருங்கள்.

அணு விபத்துக்கான அயோடின் மாத்திரை மருந்துக்கடையில் துண்டு இல்லாமல் கிடைக்கும். பிள்ளைகள், 40 வயதுக்குட்பட்ட பெரியவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மாருக்குத்தான் அது. தைரொயிட் சுரப்பியைக் கதிரியக்க அயோடினிலிருந்து மட்டும் காக்கும். அரசு அறிவித்தால் மட்டும் எடுக்கவேண்டும், பயத்தில் முன்கூட்டி விழுங்கக் கூடாது.

படி 7: செய்தி எங்கிருந்து வரும்

பற்றரியிலோ கைப்பிடியைச் சுற்றியோ இயங்கும் டி.ஏ.பி என்ற டிஜிட்டல் வானொலி ஒன்று வேண்டும். பழைய எஃப்.எம் வானொலி போதாது, தேசிய நிலையங்கள் 2017இல் எஃப்.எம்மை விட்டுப் போய்விட்டன. அவசரகாலத்தில் கேட்கவேண்டியது அரச ஒலிபரப்பான என்.ஆர்.கேயின் பி1 நிலையம். வீட்டு வானொலி இல்லாவிட்டால் காரில் இருப்பதைக் கேளுங்கள்.

2023 முதல் ஆபத்து நடக்கும் இடத்திலுள்ள கைபேசிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பெரும் சத்தத்தோடு அவசரச் செய்தி வரும். சைரன் தொடர் மூன்றுதரம், இடையில் ஒரு நிமிட இடைவெளி விட்டு ஒலித்தால் "முக்கிய செய்தி, தகவலைத் தேடுங்கள்" என்று அர்த்தம். விட்டுவிட்டு வேகமாக ஒரு நிமிடம் ஒலித்தால் வான்தாக்குதல் எச்சரிக்கை, உடனே ஒதுங்கவேண்டும். ஒரே சீராக அரை நிமிடம் ஒலித்தால் ஆபத்து நீங்கிவிட்டது. ஜனவரியிலும் ஜூனிலும் இரண்டாவது புதன்கிழமை நண்பகல் 12 மணிக்குச் சைரனைப் பரீட்சித்துப் பார்ப்பார்கள். போரிலிருந்து வந்தவர்கள் வீட்டில் இருந்தால் முதல்நாளே சொல்லிவையுங்கள். அந்தச் சத்தம் சிலருக்கு வெறும் சத்தம் அல்ல.

நோர்வே மொழி வராத பெரியவர்களை நினையுங்கள். வானொலி சொன்னதைத் தமிழில் சொல்ல வீட்டில் ஒருவர் பொறுப்பெடுக்கவேண்டும். வட்சப்பில் வரும் குரல்பதிவை என்.ஆர்.கேயிலோ நகரசபையிலோ உறுதிசெய்யாமல் யாருக்கும் அனுப்பவேண்டாம். தீ 110, பொலிஸ் 112, அம்புலன்ஸ் 113, அவசர மருத்துவர் 116117. இவற்றோடு உறவினர் எண்களையும் தாளில் எழுதி ஒட்டுங்கள், கைபேசி செத்தபிறகு யாருக்கும் எண் ஞாபகம் வராது. சார்ஜ் பண்ணிய பவர்பாங்க் ஒன்று, சிறு நோட்டுகளாகக் கொஞ்சம் காசு, வேறு வேறு வங்கி அட்டை இரண்டு. வலையமைப்பு இல்லாவிட்டால் கைபேசிப் பணம் ஓடாது.

படி 8: வெளியேறவேண்டி வந்தால்

2020 டிசம்பர் 30 விடியமுன் ஒஸ்லோவுக்கு வடகிழக்கிலுள்ள யெர்ட்ரும்மில் களிமண் நிலம் சரிந்து வீடுகளை இழுத்துக்கொண்டு போனது. 10 பேர் உயிரிழந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருட்டில், குளிரில் வீட்டைவிட்டு இறங்கவேண்டியிருந்தது. 2023 ஓகஸ்டில் ஹன்ஸ் புயல் மழை கிழக்குப் பகுதிகளை மூழ்கடித்தபோதும் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள்.

ஆளுக்கொரு முதுகுப்பை: கம்பளி உள்ளாடை, மருந்து, டோர்ச், பவர்பாங்க், தண்ணீர், காய்ந்த சாப்பாடு, கடவுச்சீட்டு, வதிவிட அனுமதி, முக்கிய பத்திரங்களின் பிரதி. குளிர்காலத்தில் பையைவிடச் சப்பாத்தும் ஜாக்கெட்டும் முக்கியம், இரவில் அவை ஒரே இடத்தில் கைக்கெட்டும்படி இருக்கவேண்டும். எங்கே போவது என்பதையும் இப்போதே பேசுங்கள். வேறு ஊரிலுள்ள ஒரு குடும்பத்தோடு "எங்களுக்கு நடந்தால் உங்களிடம், உங்களுக்கு நடந்தால் எங்களிடம்" என்று வாய்விட்டுச் சொல்லி முடிவெடுத்து வைப்பது பலமான ஏற்பாடு. போர்க்காலப் பதுங்கறைகளில் மக்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் இடம் உண்டு. உங்கள் கட்டடத்தில் இருக்கிறதா என்று குடியிருப்புச் சங்கத்தைக் கேளுங்கள்.

குளிரில் வீட்டை விட்டுப் போனால் குழாய்கள் உறைந்து வெடிக்கும். தண்ணீரை நிறுத்தும் பிரதான அடைப்பு வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டிவையுங்கள். அதை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து வடியவிட்டு, கழிவறைத் தொட்டியையும் வெறுமையாக்கிவிட்டுப் போங்கள். வீட்டிலேயே இருக்கிறீர்கள் என்றால், தண்ணீர் வந்துகொண்டிருக்கும்வரை வெளிச்சுவரோடு உள்ள குழாயை நூல்போல ஓடவிடுங்கள், கழுவுதொட்டிக்குக் கீழுள்ள அலுமாரிக் கதவைத் திறந்து வையுங்கள்.

படி 9: பக்கத்து வீடு

மேல்மாடியில் தனியாக இருக்கும் நோர்வே முதியவரின் பெயர் தெரியுமா? கரண்ட் போன அன்று போய் அறிமுகமாவது கஷ்டம். இப்போது ஒரு தட்டுப் பலகாரத்தோடு போனால் எளிது. அவரிடம் விறகடுப்பு இருக்கலாம், உங்களிடம் காஸ் அடுப்பு இருக்கலாம். ஒரே மாடியிலுள்ள மூன்று குடும்பம் ஒரு அறையில் இருந்தால் உடம்புச் சூட்டிலேயே அறை மாறும். தமிழ்ப் பாடசாலை, கோவில், தேவாலயம், சங்கம் எதிலாவது இருந்தால், தனியாக வாழும் பெரியவர்களின் பட்டியலொன்றைத் தாளில் வைத்து, யார் யாரைப் போய்ப் பார்ப்பது என்று பிரித்துவிடுங்கள்.

படி 10: ஒத்திகை

நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை பியூஸ் பெட்டியில் பிரதான சுவிட்சை நிறுத்துங்கள். மறுநாள் காலைவரை போடாதீர்கள். சோற்றைப் போர்வைக்குள் வேகவைத்துப் பாருங்கள், ஒரே அறையில் தூங்குங்கள். ஒவ்வொரு மணிநேரமும் அறையின் வெப்பநிலையை எழுதிவையுங்கள், உங்கள் வீடு எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்ற கணக்கு எந்தக் கையேட்டிலும் கிடைக்காது. குறைந்த பொருட்களை அந்த வாரமே வாங்கிவிடுங்கள். டிசம்பர் 1 இந்த நாட்டில் புகை எச்சரிக்கைக் கருவி நாள். கருவியின் பற்றரியை மாற்றும்போதே டோர்ச்சையும் வானொலியையும் தண்ணீர்க் கேனையும் பார்த்துவிடலாம்.

கரண்ட் திரும்பியதும்

உண்மையில் கரண்ட் போயிருக்கும்போது அடுப்பு, இஸ்திரிப்பெட்டி, ஹீட்டர் எல்லாவற்றையும் நிறுத்திவையுங்கள், ஒரு விளக்கை மட்டும் போட்டபடி விடுங்கள். அது எரிந்தால் வந்துவிட்டது என்று தெரியும். வந்த உடனே எல்லாவற்றையும் போடாமல், முதலில் சூடு, அரை மணிநேரம் கழித்துச் சுடுநீர்த் தாங்கி, அப்புறம் மற்றவை. எல்லா வீடும் ஒரே நேரத்தில் இழுத்தால் திரும்பவும் விழும். தாங்கியை வடித்திருந்தால், தண்ணீர் நிரம்பிச் சுடுநீர்க் குழாயில் சீராக வரும்வரை அதன் சுவிட்சைத் தொடாதீர்கள். குழாய் உறைந்திருந்தால் பிரதான அடைப்பை மூடிவிட்டு, அந்தக் குழாயைத் திறந்துவைத்து, சூடான துவாயாலோ முடி உலர்த்தும் கருவியாலோ குழாயின் வாயிலிருந்து உள்நோக்கி மெதுவாக இளக்குங்கள். நெருப்பு காட்டக் கூடாது. உருகி மறுபடி உறைந்த இறைச்சி, மீன், நாளறியாத பால் எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள். பிறகு மேல்மாடி முதியவரிடம் ஒருதரம் போய், அங்கேயும் கரண்ட் வந்துவிட்டதா என்று பாருங்கள், அவருடைய பியூஸ் விழுந்திருக்கலாம்.